பாதை என்றால் படகு: திருகோணமலையில் ஐந்து நாள் சைக்கிளில்

புறப்படுவதற்கு முந்திய இரவு

என் மச்சான் பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கிறான். ஒவ்வொரு கோடையிலும் அவன் அனுப்பும் படங்கள் ஒரே மாதிரி இருக்கும். திராட்சைத் தோட்டம் போர்த்திய மலைச்சரிவு, மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், கூரை உச்சியில் நாரைக்கூடு, எல்லாவற்றுக்கும் முன்னால் சாய்த்து வைத்த அவனுடைய சைக்கிள். அல்சாஸ் வைன் வீதி என்று 1953இல் ஒன்றைத் தொடங்கினார்களாம். 170 கிலோமீற்றர், வழிநெடுகத் திராட்சையும் பழங்கால ஊர்களும். "அத்தான், ஊரில் இப்படி ஓடுவதற்கு என்ன இருக்கிறது?" என்று போன வருடம் கேட்டான். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் குத்திவிட்டது.

இந்த ஆடியில் சைக்கிளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறான். இரண்டு விரலால் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் எடை. என்னுடையது லுமாலா. ஓய்வுபெற்ற கையோடு வாங்கியது. கியர் கிடையாது, கரியரில் அரிசி மூட்டை கட்டினாலும் முனகாது. என் முழங்காலைப் பற்றி மனைவி சொன்னவற்றை இங்கே எழுதவில்லை.

முதல் நாள்: கோட்டை வாசலிலிருந்து திரியாய் வரை

ஐந்தேகாலுக்குக் கோட்டை வாசல். திருகோணமலைக்காரன் எங்கே போவதானாலும் இங்கிருந்து கிளம்பினால்தான் கிளம்பியதாக நினைப்பான். வாசல் கல்லில் இரண்டு மீன்களும் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்ற அந்தப் பழைய வாக்கு. பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், 1622இல் கோணேசர் கோவிலை இடித்தார்கள். இடித்த கல்லைக் கொண்டே கோட்டையையும் கட்டினார்கள். அதனால் இந்த வாசலில் நுழைகிறவன் எந்த மதத்தவனானாலும் கோவிலுக்குள்தான் நுழைகிறான் என்று என் அப்பப்பா சொல்வார்.

மச்சானுக்கென்று ஒரு செய்தி வைத்திருந்தேன். இந்தக் கோட்டையைப் பிடித்தவர்களின் வரிசையில் பிரெஞ்சுக்காரரும் உண்டு. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் கடற்படைத் தளபதி சுஃப்ரன் அவர்களை விரட்டிவிட்டுப் புகுந்தார். பிறகு உடன்படிக்கைப்படி ஒல்லாந்தரிடமே கோட்டை திரும்பியது. 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். "எங்கள் அல்சாஸ் கதைதான்" என்றான் மச்சான். 1871க்கும் 1945க்கும் இடையில் அது நான்கு தடவை ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் கைமாறியதாம். வீட்டை விட்டு நகராமலே நாடு மாறிக்கொண்டிருந்த கிழவிகள் அங்கே ஊருக்கு ஊர் இருந்திருக்கிறார்கள்.

மலைக்கு ஏறவில்லை. 1963இல் குடமுழுக்குக் கண்ட இப்போதைய கோவிலைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டோம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த மலையைப் பாடியதும் நேரில் வந்து அல்லவாம். இராமேஸ்வரக் கரையில் நின்று கடலுக்கு அப்பால் பார்த்துப் பாடினார் என்பது மரபு. எங்களுக்கும் இன்றைக்கு அது போதும். புள்ளிமான் ஒன்று மச்சானின் தண்ணீர்ப் போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

உப்புவெளியைத் தாண்டும்வரை வெயில் ஏறவில்லை. இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் வீதியோரத்தில் புல் வெட்டிச் சீராக இருந்தது. நிலாவெளியில் உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. ஹோட்டல்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. புறாத்தீவுக்குப் படகு ஏற்றிவிடுகிறவர்கள் மச்சானின் இறுக்கமான காற்சட்டையைப் பார்த்து ஆங்கிலத்தில் விலை சொன்னார்கள். அவன் தமிழில் மறுத்ததும் விலை பாதியாகக் குறைந்தது.

இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்றோம். களப்பு கடலோடு சேரும் இடம். ஒருவர் இடுப்பளவு நீரில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்தக் கரை முழுவதும் கடல் ஏறியது. அதற்கு முன்பு இருந்த வீட்டு வரிசைகள் எங்கே என்று மச்சான் கேட்டான். தென்னைகளுக்கு இடையே தரைச் சீமெந்து மட்டும் கிடந்த இரண்டு இடங்களைக் காட்டினேன். பிறகு கொஞ்ச தூரம் பேசாமலே மிதித்தோம்.

வடக்கே போகப்போகப் பனை கூடுகிறது. திராட்சைக்கு இணையாக நான் மனதில் வைத்திருந்தது இதைத்தான். வழியில் ஒரு தவறணையில் ஒதுங்கினோம். முற்பகல், கள் இறங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தார்கள். மச்சான் அதை மெல்லச் சுழற்றினான், மூக்கருகே கொண்டு போனான், ஒரு வாய் எடுத்துக் கன்னத்துக்குள் உருட்டினான். பக்கத்துப் பலகையில் இருந்த பெரியவர் கவலையோடு "தம்பிக்குப் பல்வலியா?" என்று கேட்டார்.

அவனுடைய ஊரில் எந்த வருடத்து வைன் என்று கேட்பார்கள். இங்கே எத்தனை மணிக்கு இறக்கியது என்றுதான் கேட்க வேண்டும். பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் முட்டிக்குள் வேலையைத் தொடங்கிவிடும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் அது நின்று, இனிப்பான கருப்பநீர் கிடைக்கும்; பூசாவிட்டால் கள். அந்திக்குள் புளித்து, மறுநாள் காடியாகப் போகும். பீப்பாயில் ஆறு வருடம் வைக்கிறார்கள் என்று மச்சான் விளக்கியபோது கடைக்காரருக்கு வைன் குடிப்பவர்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

குச்சவெளியில் சோறு. ஏறக்குறைய 45 கிலோமீற்றர் முடிந்து திரியாய்க்கு வந்தபோது மூன்று மணி. கிரிகண்டு சேய என்ற பழைய பௌத்தத் தூபியின் மலையடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படியேறினோம். பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தபஸ்ஸு, பல்லுகன் என்ற இரண்டு வணிகர்களின் பெயரோடு இந்தக் கோவிலைச் சேர்த்துப் பேசுகிறது. பல்லவ எழுத்து, வடமொழி வாசகம், புத்தர் கோவில், கீழே தமிழ் ஊர். இதில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறவர்கள் படியேறிக் களைத்து வந்தால் நல்லது. மூச்சு வாங்கும்போது குரல் உயராது.

இரவு உறவினர் வீட்டில் தங்கல். பிட்டு, மீன்குழம்பு, பனங்கட்டி.

இரண்டாம் நாள்: கச்சான்

நேற்று முதுகில் இதமாகத் தட்டிக்கொண்டு வந்த காற்று இன்று முகத்தில் அறைந்தது. கச்சான் அடிக்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடும் வெக்கையோடும் வரும் காற்று. மச்சானின் மகன் தொலைபேசியில் "அப்பா ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள்?" என்று கேட்க, "கச்சான் அதிகம்" என்று இவன் சொல்ல, "குறைவாகச் சாப்பிடுங்கள்" என்று பதில் வந்தது. பையனுக்குத் தெரிந்த கச்சான் நிலக்கடலை மட்டும்தான்.

மாலையில் கன்னியா. ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூட்டில் வெந்நீர். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் குத்திய இடம் என்பது கதை. இன்றும் இறந்தவர்களுக்காக நீராட வருகிறார்கள். நாள் முழுவதும் வெந்து போனவர்கள் வெந்நீரில் குளிக்கப் போகக் கூடாது. வேறு குறிப்பு இல்லை.

மூன்றாம் நாள்: தம்பலகாமம்

கண்டி வீதியில் லொறிகளோடு தோள் உரசிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் தம்பலகாமத்துக்குத் திரும்பிய உடனே உலகம் பச்சையாகிவிட்டது. சிறுபோகம் கதிர் தள்ளும் பருவம். வாய்க்காலில் கந்தளாய்க் குளத்து நீர் ஓடுகிறது. வரம்பில் நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக, கணக்கெடுக்க வந்த எழுத்தர்களைப்போலக் குனிந்து நிற்கின்றன. மச்சான் நாலைந்து படம் எடுத்தான். அல்சாஸில் நாரைக்குக் கூரையில் இடம் கொடுக்கிறார்கள், இங்கே வயலையே கொடுத்திருக்கிறோம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. மேட்டு நிலமே இல்லாத இந்த ஊரில் அவனுடைய இருபத்திரண்டு கியரில் இரண்டுக்கு மட்டும்தான் வேலை இருந்தது, அந்த வருத்தம்.

ஆதி கோணநாயகர் கோவில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மலைக்கோவிலை இடிக்கப் பறங்கியர் வந்தபோது மறைத்துக் கொண்டுபோன திருமேனியை வைத்துப் பின்னாளில் எழுந்த கோவில் என்பார்கள். அடியார்கள் காட்டிலும் மேட்டிலும் ஒளித்து ஒளித்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது ஒன்றரை மணி நேர ஓட்டம், நடுவில் ஒரு வெறுந்தேநீரும் இரண்டு வாய்ப்பனும். மேள ஓசை கேட்டது. பூசை முடிந்து பொங்கல் கிடைத்தது.

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்று தமிழ் மரபு சொல்லும். ஏழாம் நூற்றாண்டு அரசன் அக்போ என்று சிங்கள வரலாறு சொல்லும். ஊரில் பெரியவர்களுக்கு இதைவிடக் கிட்டிய ஒரு திகதி இருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோவில் வாசலில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த விவசாயி, நீர் வந்த சத்தத்தை ரயில் என்று நினைத்ததாகச் சொன்னார். அந்த நேரத்தில் ரயில் இல்லையே என்று யோசித்து எழுந்ததால்தான் பிழைத்தாராம்.

திரும்பும்போது குடாவின் ஓரத்தில் மச்சான் ஒரு சிப்பியைப் பொறுக்கினான். கைவிரல் தெரியும் அளவுக்கு மெல்லிய தட்டைச் சிப்பி. கண்ணாடிக்குப் பதிலாக யன்னலில் வைக்கும் சாதி இது. இதற்குள் கடுகளவு முத்து விளையும் என்பதால் தம்பலகாமக் குடாவில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். பொடி முத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு போட்டுக்கொள்ளும் பிரபுக்கள் அந்நாளில் இருந்திருக்கிறார்கள்.

நான்காம் நாள்: எழுபத்தேழு மிதி

இன்றைக்கு எழுதத்தான் இந்தப் பயணத்தையே கிளப்பினேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் வழி மட்டும் அல்ல. ஆற்றைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். பலகைத் தளம் போட்டு, பஸ்ஸையும் மாட்டையும் மணப்பெண்ணையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும். "பாதை வந்துவிட்டதா?" என்று கேட்டால் "இல்லை, அக்கரையில் நிற்கிறது" என்பார்கள். வேறு ஊரார் சிரிப்பார்கள். பாதை எப்படி அக்கரையில் போய் நிற்கும்?

எண்பதுகளின் கடைசியில் மூதூரில் எனக்கு ஆசிரியர் நியமனம். புதிதாகத் திருமணம் முடித்த மனைவி திருகோணமலையில். கொட்டியாரக் குடாவில் லோஞ்ச் ஓடினால் அதில் வருவேன். ஓடாத நாளில் தரைவழி. கிண்ணியா, உப்பாறு, மகாவலி கங்கை, இறால்குழி என்று நான்கு துறை, நான்கு பாதை. சிறிய துறைகளில் கம்பி வடத்தைக் கையால் பிடித்து இழுப்பார்கள். சனிக்கிழமை காலையில் கிளம்பினால் வீட்டுக்கு வந்து சேர்ந்து சட்டையைக் கழற்றும்போதே ஞாயிறு பின்னேரத்தைப் பற்றிய கவலை வந்துவிடும்.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறந்தார்கள். 396 மீற்றர், திறந்தபோது நாட்டிலேயே நீளமானது. கணித வாத்தியார் சும்மா கடக்க முடியுமா? முன்பற்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18, சக்கரச் சுற்றளவு 2.2 மீற்றர். ஒரு சுற்று மிதித்தால் 5.4 மீற்றர் போகும். ஆகவே பாலத்துக்கு 73 சுற்றும் கொஞ்சமும். எண்ணிக்கொண்டே ஓட்டினேன், 77 வந்தது. காற்று அதிகம் என்றேன். "காற்றுக்குப் பல் குறையாது அத்தான், நீங்கள் நேராக ஓட்டவில்லை" என்றான் மச்சான். உண்மைதான். பாலத்தின் நடுவில் பழைய துறையடி எங்கே என்று எட்டிப் பார்த்துக்கொண்டு வளைந்து வளைந்து போயிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த இடம், எழுபத்தேழு மிதி.

கிண்ணியா ஊருக்குள் மச்சானின் பின்சக்கரம் சீறிக்கொண்டு படுத்தது. நெருஞ்சி முள். அவனுடைய டியூபின் வால்வு குச்சிபோல மெலிந்தது. இந்த நாட்டில் இதற்குக் காற்றடிக்க முடியாது, கொண்டுவந்த சிறு பம்பும் நேற்று உடைந்துவிட்டது என்று அவன் தலையில் கைவைத்தான். வீதியோர சைக்கிள் கடை நானா டியூபை உருவி, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைத் தேய்த்து ஒட்டுப் போட்டார். பிறகு லுமாலாவுக்கு அடிக்கும் அதே பம்பின் குழாயை அந்தக் குச்சி வால்வில் முறுக்கினார். உட்கார்ந்துவிட்டது. "எல்லாம் ஒரே புரிதான் தம்பி" என்றார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இதற்கென்றே தனிப் பம்ப் வாங்கியிருக்கிறானாம். என்ன விலை என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டான்.

நானாவிடம் பாதையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. 2021 நவம்பரில் இங்கே குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது மாற்றாக விட்ட பாதை அது. பாதையை நினைத்து ஏங்கிக்கொண்டு வந்த எனக்கு வாய் அடைத்துவிட்டது. காத்திருந்த மணிகளை இளமைக்காலம் என்று கதையாக்கலாம், அது என்னைப்போல நீந்திக் கரையேறத் தேவைப்படாதவர்களுக்கு. ஒட்டுக்குக் காசு வாங்க அவர் சம்மதிக்கவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு சட்டித் தயிர் வாங்கி ஒன்றை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தோம்.

உப்பாறு, கங்கை, இறால்குழி. மூன்று பாலங்களும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. கங்கைப் பாலத்தில் மட்டும் இறங்கி நின்றேன். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து, கிளை பிரிந்து, இந்தப் பக்கத்தில்தான் கடலைச் சேர்கிறது. எருமைகள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நடு ஆற்றில் கிடந்தன. அவற்றுக்குப் பாதையும் தேவையில்லை, பாலமும் தேவையில்லை.

மூதூரில் 1893இல் நட்ட கல் ஒன்று இருக்கிறது. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பற்காரன் 1660இல் ஒரு மரத்தடியில் பிடிபட்டதை அது சொல்கிறது. கண்டி அரசன் அவனைப் பத்தொன்பது வருடம் மலைநாட்டில் வைத்திருந்தான். கல்லைத் தடவிப் பார்த்த மச்சான், தனக்குப் பிரான்சில் முப்பது வருடம் ஆகிறது என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் மாடி எழும்பியிருக்கிறது. வாசற்காவலர் "யார்?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "அப்படி ஒருவரைத் தெரியாதாம் மாஸ்டர்" என்றார். தெரியாவிட்டாலும் மாஸ்டர் என்றாரே.

ஐந்தாம் நாள்: சம்பூர்

கட்டைபறிச்சானில் களப்பைக் கடந்தால் சம்பூர்ப் பக்கம். செம்மண், பனை, வேலிக்கு வேலி பூவரசு. இந்த ஊர் 2006இல் போரால் முழுதாக வெளியேறியது. ஏறக்குறைய பத்து வருடம் முகாம்களில் இருந்து, 2015க்குப் பிறகுதான் சிறிது சிறிதாகத் திரும்பினார்கள். இடையில் இந்த நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்போவதாக இருந்தது. 2016இல் அந்தத் திட்டம் நின்றது.

தண்ணீர் கேட்டு ஒரு வீட்டில் நின்றோம். கல்வீடு, இன்னும் பூசாத சுவர். முற்றத்துக் கிணற்றின் கட்டு மட்டும் பாசியேறிக் கறுத்திருந்தது. திரும்பி வந்த நாளில் பற்றைக் காட்டுக்குள் தங்கள் வளவை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று மச்சான் கேட்டான். "இந்தக் கிணற்றை வைத்துத்தான் தம்பி. மேலே மரம் முளைத்திருந்தது, ஆனால் உள்ளே என் அப்பா கட்டிய படி இருந்தது" என்றார் அந்த அம்மா. நல்ல தண்ணீர். போத்தல்களை நிரப்பிக்கொண்டோம். கூடவே நாலு முருங்கைக்காய் கரியரில் ஏறியது, மச்சானின் சைக்கிளில் கரியர் இல்லாததால் அவனுடைய பங்கும் என்னுடையதில்.

பொழுது சாயக் கடற்கரைக்கு வந்தோம். குடாவுக்கு அக்கரையில் கோணேசர் கோவில் இருக்கும் சுவாமிமலை, கரும் பாறையாக, உச்சியில் ஒரு வெளிச்சப் புள்ளியோடு. நான்கு நாளைக்கு முன்பு அங்கேதான் மான் போத்தலை முகர்ந்தது. மச்சான் தொலைபேசியில் தூரம் பார்க்கத் தொடங்கினான். நான் வீட்டுக்கு அழைத்தேன்.

"எங்கே நிற்கிறீர்கள்?"

"சம்பூர்க் கரையில். நீ மாடிக்குப் போ. டோர்ச் அடிக்கிறேன், தெரிகிறதா பார்."

படியேறும் சத்தம் கேட்டது. அவளுக்கும் முழங்கால் வலி உண்டு. மூதூரில் இருந்த காலத்தில் இதை நாங்கள் செய்து பார்த்ததில்லை. அந்நாளில் இரவில் கடலுக்கு வெளிச்சம் காட்டினால் யார் யாரோ சுடுவார்கள். சைக்கிள் விளக்கைக் கழற்றி மூன்று தரம் அணைத்து ஏற்றினேன். மச்சானும் தன்னுடைய விளக்கைக் கழற்றினான். அது காரின் முன்விளக்கைப்போல எரிந்தது.

"தெரிகிறதா?"

"ஒரு மண்ணும் தெரியவில்லை. முருங்கைக்காய் வாடிவிடும், நாளைக்கு நேரத்தோடு வந்து சேருங்கள்" என்றாள்.

முருங்கைக்காய் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று திரும்பிப் பார்த்தேன். மச்சான் படங்களை ஏற்கெனவே அனுப்பியிருந்தான்.